எங்கள் தாத்தா ஒரு டிரைவர்

சென்ற ஆண்டு தாத்தா மறைந்த மறுநாள், அம்பத்தூரில் எங்கள் தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெரியவர் ஏன் இப்படி அந்தரத்தில் சாய்ந்துகொண்டு நிற்கிறார் என்று உங்களில் சிலராவது யோசித்திருப்பீர்கள். பின்னால் ஓர் அருவி, காலடியில் தாமரை, தலைக்கு மேல் இரண்டு புறாக்கள். வலது முழங்கையை எதன் மேலோ ஊன்றி, ஒரு காலை மடித்து, சினிமா நாயகனைப் போல் தாத்தா நின்றுகொண்டிருந்தார். எதன் மேல் ஊன்றினார் என்பதுதான் படத்தில் இல்லை. அருவியின் மேல் யாராவது சாய்ந்து நிற்பார்களா?

அவர் சாய்ந்து நின்றது ஒரு கார் மேல். பால் வெள்ளை நிறத்தில் ஒரு கான்டெசா. அதை அழித்துவிட்டு அருவியை வைக்கச் சொன்னவர் தாத்தாவின் மூத்த மகன், என் பெரியப்பா. ஏன் என்று கேட்டேன்.

"அது நம்ம காரே இல்லியேம்மா. மொதலாளி காரு. அதும்மேல சாஞ்சிகினு நிக்கற போட்டோவப் போட்டா பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்றார்.

துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடியது போதும். உங்கள் கையிலிருக்கும் இந்த நினைவு மலரின் அட்டையில் அந்தக் கார் இருக்கிறது. தாத்தாவும் விழாமல் நிற்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதற்காகப் பிறகு வருந்தியிருக்கலாம். நான் தாத்தாவின் இளைய மகனுடைய மகள். பேரன்கள் இருக்க, கார் பைத்தியம் என்னவோ எனக்குத்தான் வந்து சேர்ந்தது. அதனால் எழுதும் உரிமையும் எனக்குத்தான் என்று அவர்கள் கேட்குமுன்பே நானே முடிவு செய்திருந்தேன்.

பெரியப்பா எனக்குக் கொடுத்து அனுப்பிய விவரத்தில், தாத்தா "போக்குவரத்துத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றார்" என்று இருந்தது. அப்படி ஒரு துறையின் வாசற்படியைக்கூடத் தாத்தா மிதித்ததில்லை. தாத்தா டிரைவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை முதலாளியின் வீட்டுக் காரை ஓட்டினார். முதலாளிக்குப் பிறகு அவருடைய மகனுக்கும் ஓட்டினார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், நாம் இன்று உட்கார்ந்து கௌரவம் பேசும் அம்பத்தூர் வீட்டைக் கட்டியதும் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த கைதான். அந்த ஒரு சொல்லை எழுத நமக்குக் கை கூசுகிறது என்றால், கோளாறு சொல்லில் இல்லை.

தாத்தா பிறந்தது பட்டாபிராமை ஒட்டிய சிற்றூரில், பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்தில். அந்தப் பக்கம் ராணுவ லாரிகள் வரிசையாகப் போகுமாம். மாடு மேய்க்க அனுப்பினால் மாட்டை மறந்துவிட்டு லாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாடு பக்கத்துக் கொல்லையில் புகுந்து மேய, தாத்தாவுக்கு வீட்டில் முதுகு பழுக்கும். மறுநாளும் போய் நிற்பார். படிப்பு ஏறவில்லை. மீசை அரும்பும் வயதில் வீட்டில் சொல்லாமல் பூந்தமல்லிக்குப் போய் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். நிலத்தில் கால் பாவாத பிள்ளை என்று ஊரில் ஏசினார்கள். லாரியில் சேர்ந்து உரிமம் எடுத்து, அங்கிருந்து அம்பத்தூர் முதலாளியின் காருக்கு மாறியபோது தாத்தாவுக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை.

தாத்தா ஒன்றும் சாந்த சொரூபி அல்ல. வாய் அதிகம். முன்கோபம் அதைவிட அதிகம். தலைமுடியை வாரி முடிக்காமல் தெருவாசலுக்கு வரமாட்டார். காலையில் காரைத் துடைத்து முடித்த பிறகுதான் தன் முகத்தைக் கழுவுவார். கதவை ஓங்கிச் சாத்துபவர்களை அவரால் மன்னிக்கவே முடியாது. முதலாளியின் மைத்துனரையே, "சார், அது மாட்டுக் கொட்டாய் படல் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வேலை போகும் நிலைக்கு வந்தவர். "எளிமையானவர், ஆசைகளைத் துறந்தவர்" என்று பதினாறாம் நாள் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரா ஆசையைத் துறந்தவர்? கார் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு!

சொந்தமாகத் தாத்தாவிடம் ஒரு காரும் இருந்ததில்லை. இதை வைத்துத்தான் உறவில் பலர் அவரைக் கிண்டல் செய்வார்கள். "சைக்கிளுக்கே வழியில்ல, பேச்செல்லாம் காரு" என்பார்கள். சொந்தமாக வைத்திருப்பவன்தான் ஒன்றை நேசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? காரைச் சொந்தமாக வைத்திருந்த முதலாளிக்கு அதன் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பதே நினைவிருக்காது. தாத்தாவுக்கு அது தும்மினால் தூக்கம் போகும். கான்டெசாவை விற்ற அன்று தாத்தா சாப்பிடவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். வாங்கியவன் முதல் கியரில் வண்டியை இழுத்துக்கொண்டு போனதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் அவனைத் திட்டினாராம்.

எனக்கு அந்தப் பைத்தியம் காட்டுப்பாக்கத்தில் பிடித்தது. அத்தையை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனால், பேச்சுக் கச்சேரி தொடங்கியதும் தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு நழுவிவிடுவார். பூந்தமல்லிக்கும் போரூருக்கும் நடுவே போகும் அந்தச் சாலையில், ஒரு டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்காருவோம். அவருக்கு டீ, எனக்குப் பொறை ரொட்டி. வேறு வேலை எதுவும் கிடையாது. போகிற வருகிற கார்களைப் பார்ப்பதுதான்.

"அத்தப் பாரு. மாமியார் ஊட்டுக்குப் போற மூஞ்சி" என்பார். உண்மையாகவே அந்தக் காரின் முகம் அப்படித்தான் இருக்கும். "இது இப்பதான் அடி வாங்கினு அழுவுது. இது இன்னா, எவனையோ ஏமாத்திட்டு வர்ற மாதிரி கீது!"

விளக்குகள் கண்கள், முன்பக்க கிரில் வாய். சிரிப்பை அடக்க முடியாமல் பொறை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவர் எனக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. வண்டி ஓட்டச் சொல்லித் தாருங்கள் என்று பின்னாளில் கேட்டபோதுகூட, "எங்கனா காசு கட்டிக் கத்துக்கோ. நான் சொல்லிக் குடுத்தா வாய்ல கெட்ட வார்த்த வரும்" என்று மறுத்துவிட்டார். ஆனால் அந்தப் பெஞ்சில் பிடித்தது என்னை விடவில்லை. இன்று கார்களுக்கு முன்விளக்கு வரைந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். என் மேலதிகாரி, இந்த விளக்குக்கு என்ன குணம் என்று விளக்கச் சொன்னால் நான் தடுமாறியதே இல்லை. பெண்பிள்ளைக்கு ஏன் இந்தப் படிப்பு என்று கேட்ட பெரியவர்களுக்கு இந்த இடத்தில் என் வணக்கம்.

இனி, நான் இத்தனை கோபமாக இருப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

டிரைவர் வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்பதுதான். முதலாளி வீட்டார் கல்யாணத்துக்குப் போவார்கள். உள்ளே மேளம் கேட்கும், சாம்பார் வாசம் வரும். வெளியே வெயிலில் வண்டியோடு தாத்தா நிற்பார். பந்திக்கு அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, நினைவிருந்தால், யாராவது ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கார் ஜன்னல் வழியே நீட்டுவார்கள். நினைவில்லாமல் போன நாட்களும் உண்டு. இதைப் பற்றித் தாத்தா வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அத்தையின் கல்யாணத்தில் ஒரே நாளில் கொட்டிவிட்டார்.

ஆவடியில் மண்டபம். இலை போட்டதும் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். தாத்தா வாசலில் கையை நீட்டி மறித்தார். வெளியே நின்றிருந்த வேன் டிரைவர், கார் டிரைவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் உள்ளே அழைத்து முதல் பந்தியில் உட்கார வைத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா குதித்தார். சம்பந்தி நிற்க டிரைவன் உட்காருவதா என்று கேட்டார்.

"உங்கள ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து சேத்தவன் வெளிய வெயில்ல நிக்கறான். அவன் துன்னாம நீங்க இன்னாத்த துன்றது?" என்றார் தாத்தா. "மொத எல அவனுக்கு. இஷ்டம் இருந்தா அடுத்ததுல குந்துங்க. இல்லாங்காட்டி போய்க்கினே இருங்க."

சித்தப்பா சாப்பிடாமலே போனார். கல்யாணம் நிற்கவில்லை. அத்தை இன்று வரை நன்றாகத்தான் இருக்கிறார். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் காதுகுத்தானாலும் கிரகப்பிரவேசமானாலும் முதல் பந்தி டிரைவர்களுக்குத்தான். என் அப்பா அம்மா கல்யாணத்திலும் அப்படித்தான். மற்ற வீட்டு விசேஷங்களில் எனக்கு ஏதோ குறைவதாகத் தோன்றும். யோசித்தால் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவரின் பதினாறாம் நாள் காரியம் அதே ஆவடியில், வேறொரு மண்டபத்தில் நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்தும் திருத்தணியிலிருந்தும் உறவினர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் நண்பர்கள் வாடகைக் காரில் வந்தார்கள். படையல் முடிந்து நான் தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். மண்டப வாசல் வளைவின் நிழல் போதாமல் டிரைவர்கள் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள். வாசலில் ஒரு மேசை. மேசை மேல் மஞ்சள் பைகள். ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

காஞ்சிபுரம் வேனை ஓட்டி வந்தவர் தலை நரைத்தவர். பையை வாங்கியவர் அதைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ பெருசோட பேத்தியாம்மே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"உங்க அத்த கல்யாணத்துல மொத பந்தில ஒக்காந்து துன்னவன்மா நானு. எம் பக்கத்துல நின்னு பெருசே பாயசம் ஊத்துச்சி. அந்த ஆளு ஊட்டு சாவுலயா பார்சலு?"

பையை என் கையில் வைத்துவிட்டுப் போய் வேனில் ஏறிக் கண்களை மூடிக்கொண்டார். அந்தப் பை இன்னும் சூடாக இருந்தது. என் முகமும்தான்.

உள்ளே போய் நான் போட்ட கூச்சலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பாவைப் பார்த்து, "தாத்தாவோட காரைப் படத்துல இருந்து அழிச்சீங்க, தாத்தாவைப் பந்தியில இருந்தும் அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். காரியத்தன்று பெரியவர்களை எதிர்த்துப் பேசலாமா என்றார்கள் பலர். அதே வாயில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டுதான் கேட்டார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதன் பிறகு பல மாதம் பெரியப்பாவோடு நான் பேசவில்லை. ஆண்டு நினைவு நெருங்கியபோது, மலர் வேலைக்காக அண்ணனூரில் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பழைய படத்தைத்தான் அட்டையில் போடுவேன், டிரைவர் என்றுதான் எழுதுவேன் என்று நின்றபடியே சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

"பார்சல் குடுத்தது தப்புதான். ஆனா நீ நெனக்கற மாதிரி இல்ல" என்றார். "சின்னதுல நைனா எப்பனா அந்தப் பொட்டலத்தக் கொண்டாருவாரு. கல்யாண ஊட்டு லட்டு, வட, சோறு. நானும் உங்கப்பனும் உங்கத்தையும் அடிச்சிகினு துன்னுவோம். எங்களுக்கு அதான் தீபாவளி. பார்சல் குடுத்தா அந்த டிரைவருங்க புள்ளைங்க துன்னுமேன்னுதான் எனக்குத் தோணிச்சி."

பிறகு, "நைனா அன்னிக்கு இன்னா துன்னாருன்னு ஒருநாளுகூட நாங்க கேட்டதில்ல" என்றார்.

அவர் மேல் வைத்திருந்த கோபம் முழுவதையும் அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் மனம் வரவில்லை.

"அப்ப ஏன் டிரைவர்னு எழுதக் கூடாதுன்றீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் குரல் உயர்ந்தது. "இஸ்கூல்ல ஃபீஸ் கட்ட லேட்டானா, 'டிரைவர் மவனே, ஏந்திரு'ன்னுவாரு வாத்தியாரு. பேர் சொல்லிக் கூப்ட மாட்டாரு. பொண்ணு பாக்கப் போன எடத்துல, அப்பா இன்னா வேலைன்னு கேட்டு, சொன்னப்புறம் எனக்கு மட்டும் காபி டம்ளர மாத்தி வச்சாங்க. நீ காலேஜ் படிச்ச புள்ள. பெருமையா சொல்லிக்கலாம். நான் சொல்லிச் சொல்லி அடிபட்டவன்."

அன்று அண்ணனூரிலிருந்து திரும்பும்போது என் கோபம் இடம் மாறிவிட்டது. அந்த வாத்தியார் எங்கே இருக்கிறார்? டம்ளரை மாற்றி வைத்தவர்கள் எங்கே? ஒரு மனிதன் நாள் தவறாமல் உழைத்துக் கொண்டுவந்த சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளையை, அந்த உழைப்பின் பெயரைச் சொல்லவே நடுங்க வைத்துவிட்டார்களே, அவர்களை யார் கேட்பது? அவர்களில் சிலர் நம் உறவாகவே இருக்கக்கூடும். இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும். படிக்கட்டும்.

தாத்தாவின் கடைசி மாதங்களைச் சொல்லி முடிக்கிறேன். சிறுநீரகம் பழுதாகி, வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. என் காரில் நான்தான் அழைத்துச் செல்வேன். முன் இருக்கையில்தான் உட்காருவார். நான் பிரேக் போடுவதற்கு முன்பே அவருடைய வலது கால் தரையை அழுத்தும். "ஏன் அந்தப் பஸ்ஸுக்கு முத்தம் குடுக்கப் போற?" என்பார். திருமுல்லைவாயிலைத் தாண்டுவதற்குள் எங்களுக்குள் இரண்டு சண்டையாவது வந்துவிடும். மற்றவர் ஓட்டும் வண்டியில் தாத்தா ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. ஊருக்குப் போகும் நெடும்பயணத்தில்கூட விறைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசிக்கு முந்தைய வாரம், வீடு திரும்பும்போது சண்டை எதுவும் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பயந்து வண்டியை ஓரங்கட்டினேன். குறட்டை கேட்டது. தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வாங்கிய பட்டத்துக்கும் வேலைக்கும் யார் யாரோ பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் குறட்டை போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனையில் தாத்தாவின் வசவுகளைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்ட செவிலியர்களுக்கும், தண்ணீர்ப் பந்தலும் நாற்காலியும் போட்டுத் தந்த தெருவாசிகளுக்கும், பட்டாபிராமிலிருந்து முதல் ரயிலில் ஓடிவந்த பங்காளிகளுக்கும், இந்தக் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டு ஒரு வரியையும் நீக்கச் சொல்லாத பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாத்தாவைக் கடைசியாகச் சுமந்த வண்டியை ஓட்டியவர், ஒவ்வொரு வேகத்தடையிலும் இறக்கி ஏற்றுவதுபோல் மெதுவாகப் போனார். எங்களில் ஒருவரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி.

மண்டப வாசலிலேயே இந்த மலரை உங்கள் கையில் கொடுத்து, நாற்காலியில் உட்காரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உள்ளே முதல் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியப்பா பரிமாறிக்கொண்டிருக்கிறார். அவர்கள் நிதானமாகச் சாப்பிட்டு, பாயசம் குடித்து, கை கழுவி, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பையும் வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும். அதுவரை உங்களுக்குப் பசிக்கும். சாம்பார் வாசம் வரும். யாரும் வந்து உங்களைக் கூப்பிடமாட்டார்கள். கொஞ்ச நேரம்தான், காத்திருங்கள். எங்கள் தாத்தா ஆயுள் முழுவதும் காத்திருந்தார்.